சிவப்பு மையில் ஒரு பெயர்

அனார்குல் டாக்டரிடம் பதினோரு வருடமாக நர்ஸ் வேலை பார்க்கிறேன். அதில் கடைசி மூன்று வருடத்தில் அவர் உட்கார்ந்து நான் பார்த்த நேரத்தையெல்லாம் சேர்த்தால் ஒரு கோப்பைத் தேநீர் ஆறுகிற நேரம்கூட வராது. பல் டாக்டர்களுக்கென்று சக்கரம் வைத்த ஸ்டூல் ஒன்று உண்டு. எங்கள் கிளினிக்கில் அதில் உட்காருவது என் கைப்பை. டாக்டர் நின்றபடியே குனிந்து பல்லைத் துளைப்பார், நின்றபடியே அடைப்பார், பத்து மணித் தேநீரையும் ஜன்னலோரம் நின்று இரண்டே மடக்கில் குடித்துவிட்டுக் கோப்பையைக் கழுவப் போய்விடுவார். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள் என்று அவர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். அவரைவிட ஆறு வயது மூத்தவள், அந்த உரிமை எனக்கு உண்டு.

எங்கள் மலையூர் நாரினில் பல் டாக்டருக்கு வேலைக்குப் பஞ்சமே இல்லை. பாதிப் பேர் கல்லாக உலர்ந்த தயிர் உருண்டையைக் கடித்துப் பல்லை உடைத்துக்கொண்டு வருவார்கள். மீதிப் பேர் பொறுக்கிற மட்டும் பொறுத்து, கன்னம் ரொட்டி போல உப்பிய பிறகு வருவார்கள். ஆனால் டாக்டரை உட்காரவிடாமல் விரட்டியது வேலை அல்ல. பயம்தான்.

மூன்று வருடத்துக்கு முன் என் தம்பி மகளின் கல்யாணத்துக்காக நான் ஒரு வாரம் அத்-பாஷி போயிருந்தேன். அந்த வாரத்தில், மரத்துப்போக ஊசி போட்டுக்கொண்ட ஒரு மனிதர் நாற்காலியிலேயே உதடு வீங்கி, மூச்சு முட்டி, நினைவிழந்துவிட்டார். அந்த மருந்து அவர் உடம்புக்கு ஆகாது. எப்படியோ பிழைத்தார். டாக்டர் அவருடைய நோயாளி அட்டையில் பெயருக்கு மேலே சிவப்பு மையில் அதை எழுதிவைத்தார். ஊர் திரும்பிய நான் பார்த்தது பழைய அனார்குலை அல்ல. எல்லா அட்டையிலும் வலது மூலையில் ஒரு சிவப்புக் கட்டம் வந்திருந்தது. அட்டை இல்லாமல் ஊசி இல்லை என்று சட்டம் வந்திருந்தது. மருந்து எதுவும் ஆகாதா என்று வாசலில் ஒரு முறை, நாற்காலியில் ஒரு முறை, ஊசியைக் கையில் எடுத்த பிறகு ஒரு முறை கேட்பார். சாயங்காலம் கதவைப் பூட்டிய பிறகும் விடமாட்டார்.

"ஸ்டெரிலைசரை அணைச்சீங்களா அக்கா?"

"அணைச்சாச்சு."

"கையால தொட்டுப் பாத்தீங்களா?"

தொட்டுப் பார்த்தேன், முத்தமும் கொடுத்தேன் என்பேன். சிரிப்பார். பிறகு தானே திரும்ப உள்ளே போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வருவார்.

கிளினிக்கில் மொத்தம் நான்கு பேர். பின்னறையில் பல் செய்கிறவர் இஷென்பெக். டாக்டருடைய கணவரின் சொந்த அண்ணன். டாக்டர் காற்று என்றால் அவர் பாறை. ஒரு கடைவாய்ப் பல்லை வைத்துக்கொண்டு நான்கு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து தேய்ப்பார். இந்த இரண்டு பேரும் பத்தொன்பது வருடமாக ஒரே கூரையின் கீழ் வேலை பார்க்கிறார்கள். டாக்டர் வாயிலிருந்து அவர் பெயர் ஒரு நாளும் வந்ததில்லை. எங்கள் பக்கத்தில் மருமகளாகப் போனவள் மாமனார் பெயரையும் கணவனின் அண்ணன் பெயரையும் நாவால் சொல்லமாட்டாள். அதே பெயரில் வேறு யார் இருந்தாலும் சொல்லமாட்டாள். பட்டணத்தில் படித்த டாக்டர்தான், இருந்தாலும் அவருக்குக் கணவரின் அண்ணன் வெறும் "பின்னறை". "பின்னறைக்குச் சொல்லிடுங்க அக்கா, இந்தப் பல்லு கொஞ்சம் உயரமா இருக்கு" என்பார். பின்னறை ஆறடி தூரத்தில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கும். நானும் எழுந்து போய் மறுபடி சொல்லிவிட்டு வருவேன். பல் செய்கிற மாவு அனுப்புகிறவனுக்குக் கடிதம் எழுதுகிற நாளிலும் அவர் பெயரை எழுதும் இடத்தில் பேனா என் கைக்கு வரும்.

இந்தக் கோடையில் வரவேற்பு மேஜைக்கு ஜிபெக் வந்தாள். கல்யாணமாகி நான்கே மாதம். வெள்ளைத் தலைத்துணி, கீழ் பார்வை, கையெழுத்து மட்டும் முத்து முத்தாக. அவளுடைய மாமனார் பெயர் ஓமுர்சாக். எங்கள் ஊரில் கல்லை விட்டெறிந்தால் ஒரு ஓமுர்சாக் மேல் விழும். ஜிபெக்குக்கு அந்தப் பெயரைச் சொல்லவும் வராது, எழுதவும் கை வராது. வேலைக்கு அனுப்பவே மாமியார் மூன்று வாரம் யோசித்திருந்தாள். வெளியே போனால் பெண் வாய் நீண்டுவிடும் என்பது அந்த அம்மாளின் கவலை. அதனால் அந்தப் பெயர்க்காரர் யார் வந்தாலும் ஜிபெக் வேறு ஏதாவது அடையாளம் சொல்லிக் கூப்பிடுவாள். சிவப்புச் சட்டை அண்ணா, தேனீ வளர்க்கிற மாமா, பக்கத்துப் பள்ளிக்கூடத்து வாட்ச்மேன். பழைய அட்டையை நான்தான் எடுத்துக் கொடுப்பேன். காத்திருக்கும் கூட்டம் இதை ரசித்தது. டாக்டரும் ரசித்தார். எல்லாவற்றையும் மூன்று தடவை தொட்டுப் பார்க்கிற அந்த மனுஷி இதை மட்டும் தொடவே இல்லை. எப்படித் தொடுவார்? தானும் அதைத்தானே செய்கிறார்?

அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை. முதல் பனி விழுந்து உருகித் தெருவெல்லாம் சேறு. மேல்தெருவிலிருந்து ஒரு பெரியவர் வந்தார், இடது கன்னம் கண் வரைக்கும் வீங்கியிருந்தது. டோலோன் கணவாயில் இருபத்தெட்டு வருடம் லாரி ஓட்டியவர். ஜிபெக்குக்கு அவரைத் தெரியும், ஒரே தெரு. இங்கே முன்னால் ஒரு தடவை வந்திருக்கிறேன் என்று அவளிடம் சொன்னார். அவள் நேராக என்னிடம் வந்தாள். நான் கருவிகளை ஊறப் போட்ட தொட்டியில் முழங்கை வரை கையை விட்டிருந்தேன். உள்ளே நாற்காலியில் ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள். டாக்டர் இரண்டாவது தடவை என்னைக் கூப்பிட்டுவிட்டார்.

"அக்கா, அந்தத் தாத்தாவோட பழைய அட்டையை எடுத்துத் தாங்களேன். அவருக்கும் எங்க வீட்டுப் பெரியவர் பேருதான். அந்தப் பேருல நாலஞ்சு அட்டை இருக்கு."

"இப்ப புதுசா ஒண்ணு எழுதிக்கோ. அப்புறம் சேத்துக்கலாம்," என்றேன்.

இதைச் சொன்னது நான். இன்றைக்கும் இதை எழுதும்போது கை கூசுகிறது.

அவள் புது அட்டை எழுதினாள். "லாரித் தாத்தா, மேல்தெரு." சிவப்புக் கட்டத்தை நிரப்ப, ஆகாத மருந்து உண்டா என்று அவரைக் கேட்டாள். கணவாய்ப் பனியே எனக்கு ஒத்துக்கொண்டது, உங்கள் மருந்தா ஒத்துக்கொள்ளாது என்றாராம் அவர். ஒன்றுமில்லை என்று எழுதிவிட்டாள். அட்டை டாக்டர் கைக்குப் போனது. அவர் பெயரைப் படித்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தார். "அப்படியே லாரிக்கும் ஒரு அட்டை போட்டுடு" என்றார். நானும் சிரித்தேன்.

எங்கள் டாக்டருக்கு மனிதர்களின் முகம் நினைவிருக்காது. கடைத்தெருவில் வணக்கம் சொல்கிறவர்களைப் பார்த்து விழிப்பார். அவர்கள் வாயைத் திறந்து சிரித்தால்தான், ஓ நீங்களா என்பார். அன்றைக்கு அந்தப் பெரியவரால் வாயை ஒரு விரல் அகலத்துக்கு மேல் திறக்க முடியவில்லை. டாக்டர் நாற்காலியில் வைத்தும் கேட்டார், ஊசியைக் கையில் எடுத்தும் கேட்டார். பெரியவர் கையை ஆட்டினார், போடும்மா, சீக்கிரம் போடு என்று.

போட்டார்.

இரண்டு நிமிடம் இருக்கும். பெரியவர் கழுத்தைச் சொறிந்தார். சூடாக இருக்கிறது, ஜன்னலைத் திற என்றார். உதடு என் கண்முன்னே தடித்தது. பிறகு மூச்சு விசில் அடிக்க ஆரம்பித்தது. டாக்டர் நாற்காலியை ஒரே உதையில் படுக்கவைத்தார். நான் ஆக்சிஜனைத் திறந்தேன். அவர் அட்ரினலினை எடுத்துக் கால்சட்டைக்கு மேலாகவே தொடையில் குத்தினார். மூன்று வருடமாக எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டுப் பார்த்த கை, வேண்டிய நேரத்தில் கல்லாக நின்றது.

வாசல் மேஜையில் ஜிபெக் ஆம்புலன்ஸுக்குப் பேசிக்கொண்டிருந்தாள். நோயாளியின் பெயர் என்ன என்று கேட்கிறார்கள் போல. ஒரு தாத்தா, என்றாள். வயசானவர். லாரி ஓட்டினவர். மறுபடி கேட்டிருக்க வேண்டும், மறுபடியும் தாத்தா என்றாள். அவள் குரல் அழுகைக்கு ஒரு படி முன்னால் நின்றது.

நினைவு தப்பியதும் பெரியவரின் தாடை தளர்ந்து வாய் திறந்தது. மேல் வரிசையில், ஓரம் ஒடுங்கிய ஒரு தங்கப் பல். டாக்டர் அதைப் பார்த்தார்.

"ராபியா அக்கா, இது அவர்தான்," என்றார்.

யார் என்று நான் கேட்கவில்லை. எந்த மனிதருக்காக எங்கள் கிளினிக்கில் சிவப்பு மை வந்ததோ, எந்த மனிதருக்காக டாக்டர் மூன்று வருடமாக உட்காராமல் இருந்தாரோ, அந்த மனிதர் அதே நாற்காலிக்கு வேறு பெயரில் வந்து சேர்ந்திருந்தார்.

ஆம்புலன்ஸ் வந்தது. டாக்டர் கிளினிக்குக்குள் போடுகிற வீட்டுச் செருப்போடு அதில் ஏறிப் போய்விட்டார். நான் பழைய அட்டைகள் இருந்த பெட்டியில் தேடினேன். தேட என்ன இருக்கிறது, நான்கைந்து ஓமுர்சாக்குகளில் மூன்றாவது. பெயருக்கு மேலே சிவப்பில், பேனா முனை தாளைக் கிழிக்கிற அளவுக்கு அழுத்தி எழுதியிருந்தது. எடுத்திருந்தால் அரை நிமிட வேலை. இரண்டு அட்டைகளையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஜிபெக் பார்த்தாள்.

மூன்று மணிக்கு டாக்டர் திரும்பினார். செருப்பெல்லாம் சேறு. பெரியவருக்கு மூச்சு வந்திருக்கிறது, ஆனால் வயசான இதயம், இரவு தாண்ட வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். நடுவில் ஒரு தடவை கண் திறந்தவர், போன தடவை வெறும் வயிற்றில் வந்ததால்தான் விழுந்தேன், இன்றைக்கு வயிறு முட்டச் சாப்பிட்டுத்தான் வந்தேன் என்று முனகினாராம். பெண்பிள்ளைகள் முன்னால் மயங்கி விழுந்த வெட்கத்தில், இந்த மருந்து ஆகாது என்று டாக்டர் அப்போது எழுதிக் கொடுத்த சீட்டை அவர் யாரிடமும் காட்டவே இல்லை.

டாக்டர் மேஜையில் இருந்த அட்டைகளைப் பார்த்தார். ஜன்னலுக்குப் போனார், திரும்பினார், மறுபடி ஜன்னலுக்குப் போனார். கத்தியிருந்தால் தேவலை.

"நாளையிலேருந்து வராத," என்றார், ஜிபெக்கைப் பார்க்காமலேயே.

அந்தப் பெண் காரணம் சொல்லவில்லை. ராபியா அக்காதான் புதுசா எழுதச் சொன்னாங்க என்று ஒரு வார்த்தை போதும், அதைக்கூடச் சொல்லவில்லை. பூட்ஸை மாட்டிக்கொண்டு போனாள். அவளுடைய வீட்டுச் செருப்பு மேஜைக்கு அடியில் அப்படியே கிடந்தது. நான் வாயில் கொழுக்கட்டையை வைத்திருந்தவள்போல நின்றேன். பதினோரு வருடச் சர்வீஸ், ஐம்பத்தாறு வயது, ஒரு சின்னப் பெண் என் பழியைத் தூக்கிக்கொண்டு சேற்றில் நடந்து போகிறாள். பார்த்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கு என்னை நானே காறித் துப்பிக்கொள்ளாததுதான் பாக்கி.

அதன் பிறகு இரண்டு பேருக்குப் பல் அடைத்தோம். டாக்டர் ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தார். இன்னும் எதுவும் சொல்வதற்கில்லை, காலையில் கூப்பிடுங்கள் என்றார்கள். கதவைப் பூட்டும் நேரத்தில் என்னால் முடியவில்லை.

"அனார், அவ என்கிட்ட வந்து அட்டையைக் கேட்டா. நான்தான் புதுசு எழுதச் சொன்னேன்."

"தெரியும்," என்றார்.

"தெரியுமா?"

"நாலு மாசமா நீங்கதானே எடுத்துக் குடுக்கறீங்க. அதுவும் தெரியும். அந்த அட்டை என் கைக்கு வந்துச்சு அக்கா. மனுசன் பேரே இல்லாத அட்டை. படிச்சேன். சிரிச்சேன். ஊசியை எடுத்தேன்." கதவின் கைப்பிடியை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "அவளை எப்படிக் கண்டிக்கிறது? பத்தொம்பது வருசமா நான் ஒரு ஆளைப் பின்னறைன்னு கூப்பிடறேன். அவ அதைப் பாத்துத்தான் இங்க வேலை கத்துக்கிட்டா."

அப்படியானால் அந்தப் பெண்ணை ஏன் போகச் சொன்னாய் என்று கேட்டேன். மினிபஸ் வந்தது. அவர் ஏறவில்லை, பேருந்து நின்று நின்று போகும் அந்த நீளத் தெருவை முழுக்க நடந்தே வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஜிபெக் வந்தாள், செருப்பை எடுத்துக்கொண்டு போக. வீட்டில் இன்னும் சொல்லவில்லை என்றாள். வழக்கம்போல வேலைக்குக் கிளம்புவதுபோலவே கிளம்பி வந்திருந்தாள். குனிந்து செருப்பைக் கையில் எடுத்தவளை, டாக்டர் உள்ளேயிருந்து பார்த்துவிட்டார். நாற்காலியில் ஒரு பள்ளி ஆசிரியை வாயைத் திறந்தபடி இருந்தாள். டாக்டர் கையுறையோடு நடைக்கு வந்து நின்றார். பின்னறைப் பக்கம் திரும்பினார். தொண்டையைச் செருமினார். மறுபடி செருமினார்.

"இஷென்பெக் அண்ணே."

பின்னறையில் ஓடிக்கொண்டிருந்த தேய்ப்பு மெஷின் நின்றது. என் கையிலிருந்த பஞ்சு கீழே விழுந்தது. டாக்டரின் காது மடல் இரண்டும் சிவந்து போயின. பார்வை தரையைவிட்டு எழவில்லை. ஆனால் நகராமல் நின்றார்.

கதவு திறந்தது. புருவத்தில் வெள்ளைப் பல் மாவோடு இஷென்பெக் வந்து நின்றார். தம்பி மனைவியைப் பார்த்தார், ஜிபெக்கைப் பார்த்தார், ஜிபெக் கையில் இருந்த செருப்பைப் பார்த்தார். மெதுவாகப் புரிந்துகொள்கிறவர்தான், ஆனால் புரிந்துகொள்வார்.

"சொல்லு தங்கச்சி."

"நேத்து குடுத்த பல் அச்சு சரியா வந்திருக்கா?"

"வந்திருக்கு. சாயங்காலம் பல்லு ரெடி." திரும்பிப் போகக் காலெடுத்தவர் நின்றார். "அடுத்த தடவை இவ்வளவு சத்தம் வேண்டாம். காது நல்லாத்தான் கேக்குது."

கதவு மூடியது. மெஷின் உடனே ஓடவில்லை. உள்ளே அவர் என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாது.

"ஜிபெக், ஆஸ்பத்திரிக்குப் போன் போடு," என்றார் டாக்டர். "எப்படி இருக்காருன்னு கேளு. என் கையில கையுறை."

கையுறையைக் கழற்ற எவ்வளவு நேரமாகும் என்று மூன்று பேருக்குமே தெரியும். ஜிபெக் செருப்பைக் கீழே வைத்தாள், காலில் மாட்டிக்கொண்டாள், மேஜைக்குப் போனாள். பழைய அட்டை சிவப்பு மையோடு அங்கேதான் கிடந்தது. எண்ணைச் சுற்றினாள். அந்தப் பக்கம் யாரோ எடுத்து, யாரைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்றார்கள்.

"நேத்து பல் கிளினிக்குலேருந்து வந்தவரு..." என்றாள். பெயர் கேட்டார்கள். எனக்கு இங்கேயே கேட்டது, அவ்வளவு அமைதி. ஆசிரியைகூட நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்தாள், வாயை மூட மறந்து.

ஜிபெக் தலைத்துணியை நெற்றிக்கு இழுத்துக்கொண்டாள். எங்களுக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்துத் திரும்பினாள்.

"ஓமுர்சாக்," என்றாள்.

கேட்கவில்லை, சத்தமாகச் சொல்லுங்கள் என்றார்கள் போலிருக்கிறது.

"ஓமுர்சாக். மேல்தெரு ஓமுர்சாக். லாரி ஓட்டின ஓமுர்சாக். உயிரோட இருக்காரா சொல்லுங்க."

பிறகு நீண்ட நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். டாக்டர் மூச்சு விட்டாரா என்று எனக்குத் தெரியாது, நான் விடவில்லை. ஜிபெக் போனை வைத்துவிட்டுத் திரும்பியபோது கன்னம் இரண்டும் நனைந்திருந்தன. சிரிக்கவும் செய்தாள்.

"எழுந்து உக்காந்துட்டாராம். கஞ்சியில உப்பில்லைன்னு நர்ஸோட சண்டை போடறாராம். அப்புறம்..." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அந்தப் பல்லு இன்னும் வாயிலயே இருக்கு, அதை யாரு பிடுங்கறதுன்னு கேக்கறாராம்."

டாக்டர் உள்ளே வந்தார். ஸ்டூலில் இருந்த என் கைப்பையை எடுத்துத் தரையில் வைத்தார். உட்கார்ந்தார். இரண்டு கையையும் மடியில் போட்டுக்கொண்டு, ஆசிரியையின் திறந்த வாய்க்கு எதிரே, ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தார்.

ஒரு நிமிடம்கூட இருக்காது. பிறகு எழுந்து, நேற்று ஸ்டெரிலைசரை அணைத்தேனா என்று என்னைக் கேட்டார்.